சக்திக்கும் சட்டம் உண்டு: அனிமே சண்டைகளைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

பிள்ளைகள் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹாலைக் கடந்து போகிற பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "கையை ஆட்டினா நெருப்பு வருது, தரையைத் தட்டினா பாறை எழும்புது. இவ்வளவு முடியும்னா ஒரே அடியில முடிச்சிட வேண்டியதுதானே? எதுக்கு இத்தனை எபிசோடு?"

கேலியாகக் கேட்டாலும் சரியான கேள்வி. எதையும் செய்ய முடிந்தவன் போடும் சண்டையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் நல்ல தொடர்களில் யாராலும் எதையும் செய்துவிட முடியாது. அந்த உலகத்தில் சக்தி எங்கிருந்து வருகிறது, யாருக்கு வரும், எவ்வளவு தூரம் போகும், எப்போது தீர்ந்துபோகும், பயன்படுத்தினால் என்ன விலை என்று எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருக்கும். அனிமே ரசிகர்கள் இதைப் பவர் சிஸ்டம் என்பார்கள். ஃபேன்டஸி நாவல் படிப்பவர்கள் மேஜிக் சிஸ்டம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

நமக்கு இது புதிதும் அல்ல. இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதம் குறி தவறாது, ஆனால் ஒரே ஒரு தடவைதான் எறியலாம். அர்ஜுனனுக்கென்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவனை, பதினான்காம் நாள் இரவில் கடோத்கசன் செய்த அட்டகாசம் அதை அவன்மீதே எறிய வைத்துவிட்டது. பாண்டவர் பக்கம் எல்லோரும் அழுதுகொண்டிருக்கக் கண்ணன் மட்டும் ஏன் மகிழ்ந்தான் என்பது கதை கேட்ட குழந்தைக்குக்கூடப் புரியும், ஏனென்றால் 'ஒரு தடவைதான்' என்ற சட்டம் அதற்கு முன்பே தெரியும். ஆயுதம் எவ்வளவு பெரியது என்பதைவிட அந்த ஒரு நிபந்தனைதான் அந்த இரவைக் கதையாக்குகிறது.

இதை இன்றைய எழுத்தாளர்களுக்குப் பயன்படும் விதமாகத் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்க ஃபேன்டஸி நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன். 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம் இது: மந்திரத்தை வைத்து ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும் என்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு அந்த அளவுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு இன்னும் இரண்டு சேர்த்தார். சக்தியைவிட அதன் எல்லைகள்தான் சுவாரசியமானவை என்பது ஒன்று. புதிதாக ஒரு சக்தியைக் கொண்டுவருவதற்கு முன் ஏற்கெனவே இருப்பதை இன்னும் ஆழமாகத் தோண்டு என்பது மற்றொன்று. சட்டம் தெளிவாக உள்ள மந்திரத்தை ஹார்ட் மேஜிக் என்றும், சட்டம் சொல்லப்படாத, புகைமூட்டமான மந்திரத்தை சாஃப்ட் மேஜிக் என்றும் பிரித்துப் பேசும் பழக்கமும் இந்தப் பேச்சோடுதான் பரவலானது.

சாஃப்ட் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் மந்திரவாதி கந்தால்ஃபால் என்னவெல்லாம் முடியும் என்று நமக்குக் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. அவர் வந்து நின்றாலே ஒரு பிரமிப்பு வருவதும் அதனால்தான். ஆனால் அங்கே கதையின் முடிச்சை அவிழ்ப்பது அவருடைய மந்திரம் அல்ல, இரண்டு சின்ன ஆட்களின் நடைப்பயணம். மந்திரமே முடிச்சை அவிழ்க்கப்போகிற கதை என்றால் அந்தப் புகைமூட்டம் கைகொடுக்காது. வாராவாரம் ஒரு சண்டை காட்ட வேண்டிய தொலைக்காட்சித் தொடருக்குச் சட்டம் தேவைப்படுவது இதனால்தான்.

சிறையைப் பார்த்தால் சட்டம் தெரியும்

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவருக்கு நான் எப்போதும் முதலில் காட்டுவது அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்ற இரண்டு பேர் உருவாக்கி, 2005 முதல் 2008 வரை அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் 61 எபிசோடுகளாக ஓடிய தொடர். ஜப்பானில் எடுத்ததல்ல என்பதால் இதை அனிமே என்று சொல்லலாமா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் சிலருக்கு மட்டும் அந்தந்தப் பூதத்தை ஆட்டிவைக்கும் திறமை உண்டு. அதன் பெயர் பெண்டிங். நான்கையும் ஆள முடிந்தவன் உலகத்தில் ஒருவன்தான், அவதார். இந்த முறை அது ஆங் என்ற 12 வயதுப் பையன். நூறு வருடம் பனிப்பாறைக்குள் உறைந்து கிடந்துவிட்டு எழுகிறான். வெளியே நெருப்பு நாடு உலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பெண்டிங் என்பது விரலை நீட்டினால் நடக்கிற விஷயம் அல்ல, உடம்பின் அசைவோடு சேர்ந்தது. நான்குக்கும் நான்கு சீனத் தற்காப்புக் கலைகளை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். நீருக்குத் தை சி, நிலத்துக்கு ஹுங் கர், நெருப்புக்கு வடக்கு ஷாவ்லின், காற்றுக்கு வட்டமாக நடந்துகொண்டே செய்கிற பாகுவாஜாங். இதற்கென்று சிஃபு கிசு என்ற ஆசிரியர் ஆலோசகராகக் கூடவே இருந்தார். சத்தத்தை அணைத்துவிட்டு, நீரையும் நெருப்பையும் மனதில் அழித்துவிட்டுப் பாருங்கள். நிற்கிற நிலையை வைத்தே இவன் எந்த நாட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம்.

சரி, எல்லை எங்கே? இந்தத் தொடரில் அதைத் தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி இருக்கிறது: சிறைகளைக் கவனியுங்கள். நிலத்தை ஆளுகிறவர்களைப் பிடித்தால் எங்கே அடைப்பது? மண்ணே இல்லாத இடத்தில். நடுக்கடலில், முழுக்க உலோகத்தால் கட்டிய மேடையில். நீரை ஆளுகிறவர்களைத் தரையிலிருந்து தூக்கிக் கூண்டில் தொங்கவிட்டு, உள்ளே காய்ந்த காற்றை அடிக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போது கைகால்களைக் கட்டிவிடுகிறார்கள். நெருப்பை ஆளுகிற கைதி அடங்கவில்லை என்றால் குளிர்ப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறார்கள். யாரும் நின்று விளக்கவுரை ஆற்றுவதில்லை. சிறை கட்டியவன் எதற்குப் பயந்தான் என்று பார்த்தாலே அந்தச் சக்திக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துபோகிறது.

அப்புறம்தான் வேடிக்கை. எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து இருக்கும் அல்லவா? இரணியன் பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று வரம் வாங்கினான். அந்தி நேரத்தையும் வாசற்படியையும் மறந்துவிட்டான். அந்தக் கடல் சிறையில் மண் இல்லை, ஆனால் இயந்திரம் ஓட நிலக்கரி இருக்கிறது. நிலக்கரியும் நிலத்திலிருந்து வந்ததுதானே. காற்றை ஆளும் ஆங் குழாய் வழியாக அந்தக் கரியை மேலே ஊதித் தள்ளுகிறான். இன்னொரு இடத்தில் அவனுடைய தோழி, நீரை ஆளும் கட்டாரா, மரக்கம்பிச் சிறையில் மாட்டிக்கொள்கிறாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நின்ற இடத்திலேயே ஓடி ஓடி வியர்வையை வரவழைத்து, அந்த வியர்வையாலேயே கம்பியை அறுக்கிறாள். குளிர்ப்பெட்டி எபிசோடு இன்னும் அழகு. அந்தச் சிறை கொதிக்கும் ஏரிக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே சூடு நுழையாத பெட்டியை வெளிச்சூடும் ஒன்றும் செய்யாது என்று கணக்குப் போட்டு, பெட்டியையே படகாக்கப் பார்க்கிறார்கள்.

இவற்றில் எங்கேயும் புதுச் சக்தி எதுவும் வரவில்லை. நமக்கும் தெரிந்த சட்டத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் நம்மைவிட ஒரு நொடி முன்னால் யோசித்துவிடுகிறார்கள். "அட, நமக்குத் தோணலியே" என்கிற அந்த நொடிதான் பவர் சிஸ்டம் தருகிற இன்பம்.

இதன் உச்சம் டோஃப். கண் தெரியாத 12 வயதுப் பெண், நிலத்தை ஆள்வதில் பெரிய கில்லாடி. வெறுங்காலால் தரையின் அதிர்வை உணர்ந்துதான் அவள் உலகத்தைப் 'பார்க்கிறாள்'. அதனால் மணல்மீது நின்றால் அவளுக்கு எல்லாம் கலங்கித் தெரியும். காற்றில் தூக்கிவிட்டால் உண்மையிலேயே குருடு. ஒருமுறை பாதத்தில் தீக்காயம் பட்டதும் அவள் எவ்வளவு ஆதரவற்றுப் போகிறாள் என்று பாருங்கள். இவளை ஒரு உலோகப் பெட்டிக்குள் அடைத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். உலோகத்தை யாராலும் ஆள முடியாது என்பது முதல் சீசனிலேயே போட்ட சட்டம். அவள் உள்ளே உட்கார்ந்து பெட்டியைத் தட்டுகிறாள், கை வைத்துக் கவனிக்கிறாள். உலோகமும் மண்ணைச் சுத்தம் செய்து எடுத்ததுதான், அதில் இன்னும் கொஞ்சம் மண் துகள்கள் மிச்சம் இருக்கின்றன என்று அவளுக்குத் தட்டுப்படுகிறது. அந்தத் துகள்களைப் பிடித்து இழுத்துப் பெட்டியைக் கிழித்துவிடுகிறாள். பழைய சட்டம் பொய்யாகவில்லை. அதுவரை யாரும் அவ்வளவு நுணுக்கமாக அதைப் படித்ததில்லை, அவ்வளவுதான். சாண்டர்சனின் மூன்றாவது விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அடுத்த தொடரான தி லெஜண்ட் ஆஃப் கோராவில் எதிராளிகள் கலப்பே இல்லாத பிளாட்டினத்தால் இயந்திரம் கட்டுகிறார்கள். அதில் பிடிக்கத் துகள் கிடையாது. சட்டம் எவ்வளவு தூரம் ஞாபகம் வைத்திருக்கப்படுகிறது, பாருங்கள்.

தரையில் கிழித்த கோடு

இப்போது ஒரே ஒரு சண்டையை நெருங்கிப் பார்க்கலாம். மசாஷி கிஷிமோட்டோ 1999இல் தொடங்கிய நருட்டோ மங்காவிலும் (ஜப்பானிய காமிக்ஸ்), அதிலிருந்து எடுத்த அனிமேயிலும் சூனின் தேர்வு என்று ஒரு பகுதி வருகிறது. பயிற்சி நிஞ்ஜாக்கள் அடுத்த படிக்குப் போக எழுதும், அதாவது அடித்துக்கொள்ளும், தேர்வு. இறுதிச் சுற்றில் ஷிகமாரு என்ற பையனும் டெமாரி என்ற பெண்ணும் மோதுகிறார்கள்.

ஷிகமாரு ஒரு சோம்பேறி. "எல்லாம் பெரிய தொல்லை" என்பதுதான் அவன் தாரக மந்திரம். அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: தன் நிழலை நீட்டி எதிராளியின் நிழலோடு ஒட்டிவிட்டால், அவன் செய்வதை எதிராளியும் செய்தாக வேண்டும். ஆனால் நிழலை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. இருக்கிற நிழலின் அளவைப் பொறுத்துத்தான் நீளம். டெமாரியிடம் ராட்சத விசிறி இருக்கிறது, தூரத்தில் நின்றே காற்றால் அடிப்பாள்.

அவள் முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? நிழல் எதுவரை வந்து நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் தரையில் கோடு கிழித்துவிடுகிறாள். இதற்கு இந்தப் பக்கம் நின்றால் உன்னால் என்னைத் தொட முடியாது என்று அர்த்தம். பவர் சிஸ்டத்தை இவ்வளவு வெளிப்படையாகத் தரையிலேயே வரைந்து காட்டிய காட்சி வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஷிகமாரு மதில் ஓரம் உட்கார்ந்து விரல்நுனிகளைச் சேர்த்து வைத்து யோசிக்கிறான். பொழுது சாய்கிறது. சூரியன் இறங்க இறங்க மதிலின் நிழல் நீள்கிறது, அதோடு சேர்த்து அவன் நிழல் எட்டும் தூரமும் நீள்கிறது. கோடு பொய்யாகிவிட்டது. அவள் பின்வாங்கிப் புதிதாக அளக்கிறாள். உடனே அவன் மேல்சட்டையைக் கழற்றிக் குடைபோல் கட்டிக் காற்றில் மிதக்க விடுகிறான். மேலே பறக்கும் துணிக்குக் கீழே ஒரு நிழல் விழும் அல்லவா, அது அவனுக்கு ஒரு படிக்கல். அவள் அதையும் பார்த்துவிடுகிறாள், தப்பிக்க நகர்கிறாள். நகர்ந்து வந்து நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு குழி. முந்தைய சண்டையில் கதாநாயகன் நருட்டோ நிலத்துக்குள் சுரங்கம் தோண்டி வந்த குழி அது. சுரங்கத்துக்குள் இருட்டு, இருட்டு முழுக்க நிழல். அதன் வழியே போய்ப் பின்னாலிருந்து பிடித்துவிடுகிறான்.

அவளை நடத்திக்கொண்டு வந்து எதிரே நிறுத்துகிறான். கை தூக்குகிறான், அவளும் தூக்கியாக வேண்டும். தூக்கிய கையோடு, "நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்கிறான். சக்ரா, அதாவது வித்தைக்கான உள்சக்தி, தீர்ந்துபோகிற நிலை. இன்னும் சில நொடிதான் பிடித்து வைக்க முடியும், அதற்குள் முடிக்க வழியில்லை, வீண் வேலை எதற்கு என்று போய்விடுகிறான். அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றது அவன் ஒருவன் மட்டும்தான். தோற்றவன் ஏன் பாஸ் ஆனான் என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டம் தெரிந்ததால் அவன் மூளை என்ன வேலை செய்தது என்று நாமே பார்த்துவிட்டோம்.

ஒன்று கவனியுங்கள். சூரியன், மதில், சட்டை, பழைய குழி எல்லாம் ஏற்கெனவே நம் கண்முன் இருந்தவை.

எல்லாம் ஏன் சின்னப் பிள்ளைகள்?

ஆங்குக்கு 12. கதை தொடங்கும்போது நருட்டோவுக்கும் 12. ஹண்டர் எக்ஸ் ஹண்டர் தொடரின் கோனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. படிக்கிறவர்கள் பிள்ளைகள் என்பது ஒரு காரணம். ஜப்பானில் ஷோனென் என்று வகைப்படுத்தும் பத்திரிகைகள் முதலில் பையன்களைக் குறிவைத்துத்தான் வந்தன. அவற்றில் பிரபலமானது 1968இல் ஷூயெய்ஷா பதிப்பகம் தொடங்கிய ஷோனென் ஜம்ப். நட்பு, முயற்சி, வெற்றி என்பது அதன் தாரகச் சொற்கள்.

ஆனால் கதைத் தொழில் சார்ந்த காரணம் இன்னொன்று உண்டு. சட்டத்தை யாராவது விளக்கியாக வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் தங்களுக்குத் தெரிந்ததையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் நாடகம்போல இருக்கும். மாணவனுக்கு ஆசிரியர் சொன்னால் இயல்பாக இருக்கும். அவன் தப்பாகப் புரிந்துகொண்டு அடி வாங்கினால் இன்னும் நல்லது, நாமும் சேர்ந்து கற்றுக்கொள்வோம். இந்தத் தொடர்களில் பயிற்சிப் பகுதி இவ்வளவு நீளமாக வருவதும் அதனால்தான். சலிப்பாக இருக்கிறது என்று ஓட்டிவிட்டால் பின்னால் வரும் சண்டை பாதி புரியாது.

விலை

எல்லை ஒரு பக்கம், விலை இன்னொரு பக்கம். விலையை வைத்தே முழுக் கதையையும் கட்டியவர் ஹிரோமு அரக்காவா. 2001 முதல் 2010 வரை அவர் வரைந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டில் ரசவாதத்துக்கு ஒரே அடிப்படைச் சட்டம்: ஒன்றைப் பெற வேண்டும் என்றால் அதற்கு ஈடானதைக் கொடுக்க வேண்டும். எட்வர்டும் தம்பி அல்ஃபோன்ஸும் செத்துப்போன அம்மாவைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு கால் போகிறது. தம்பிக்கு உடம்பே போகிறது. தம்பியின் உயிரை ஒரு இரும்புக் கவசத்தோடு பிணைக்க அண்ணன் ஒரு கையையும் கொடுக்கிறான். அம்மா வரவில்லை. இதெல்லாம் கதையின் தொடக்கம்தான், நான் எதையும் கெடுத்துவிடவில்லை.

அதே தொடரில் ராய் மஸ்டாங் என்ற ராணுவ அதிகாரி விரலைச் சொடுக்கினால் நெருப்பு வரும். எப்படி? கையுறைத் துணி உரசிப் பொறி உண்டாக்குகிறது, சுற்றியுள்ள காற்றை அவர் ரசவாதத்தால் சரிசெய்து பொறியைத் தீயாக்குகிறார். மழை பெய்தால் கையுறை நனைந்துவிடும், மனிதர் வெத்துவேட்டு. முதலில் இதை நகைச்சுவையாகத்தான் சொல்கிறார்கள். சொந்த உதவியாளரே மழை நாளில் அவரைப் பின்னால் போகச் சொல்கிறார். பிற்பாடு ஒரு எதிரி குழாயை உடைத்து அவரை நனைத்துவிடும்போது அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. அவரோ அறை முழுக்க நிற்கும் தண்ணீரையே பிரித்து ஹைட்ரஜன் ஆக்கி, நண்பனின் சிகரெட் லைட்டரால் கொளுத்துகிறார். எட்டாம் வகுப்பு வேதியியல்.

யோஷிஹிரோ டொகாஷியின் ஹண்டர் எக்ஸ் ஹண்டரில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே சக்தியின் பெயர் நென். ஒருவன் தனக்குத் தானே நிபந்தனை போட்டுக்கொண்டால் அவன் சக்தி கூடும். நிபந்தனை எவ்வளவு கடுமையோ அவ்வளவு கூடும். குராபிகா என்ற பையன் தன் குலத்தையே அழித்த ஒரு கூட்டத்தைப் பழிவாங்க ஒரு சங்கிலியை உருவாக்குகிறான். அந்தக் கூட்டத்தார்மீது தவிர வேறு யார்மீதும் அதை வீசினால் தான் செத்துவிட வேண்டும் என்று தன் இதயத்திலேயே சத்தியத்தைக் கட்டிவைத்துக்கொள்கிறான். அதனால்தான் அந்தக் கூட்டத்திலேயே உடல்பலம் மிக்கவனை அவனால் கட்டிப்போட முடிகிறது. இங்கே சட்டம் எழுதுவது ஆசிரியர் மட்டும் அல்ல, பாத்திரமே தன் கோபத்தை வைத்து எழுதிக்கொள்கிறது. நென் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம். பவர் சிஸ்டம் இவ்வளவு தூரம் மனிதர்களுக்குள் போன தொடர் என் கணக்கில் இது ஒன்றுதான். கோன் பின்னால் கொடுக்கும் விலையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், நீங்களே பாருங்கள்.

சட்டம் சொதப்பும்போது

அகிரா டோரியாமாவின் டிராகன் பால் இல்லாமல் மேலே சொன்ன ஜப்பானியத் தொடர்கள் பலவும் வந்திருக்காது, அந்த மரியாதை உண்டு. ஆனால் அதில் பலத்தை எண்ணால் காட்டும் ஒரு கருவி வந்தது. முதலில் 1,500 பலம் உள்ளவன் வந்தாலே எல்லோரும் நடுங்கினார்கள். கொஞ்ச நாளில் ஃபிரீஸா என்ற வில்லன் வந்து, சாதாரண உருவத்திலேயே தனக்கு 5,30,000 என்றான். அதற்கு மேல் எண்ணுக்கு என்ன அர்த்தம்? எண் பெரியவன் ஜெயிப்பான் என்றால் யோசிக்க இடமே இல்லை. கத்திக் கத்தி எண்ணை ஏற்றுவதுதான் மிச்சம். பிற்பாடு அந்தத் தொடரே கருவியைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டி வைத்துவிட்டது. ரசிகர்கள் இந்த நோய்க்கு வைத்த பெயர் பவர் க்ரீப்.

நான் இவ்வளவு புகழ்ந்த அவதாரும் கடைசியில் ஒரு இடத்தில் வழுக்குகிறது. கொல்லாமல் எதிரியை எப்படி வெல்வது என்று ஆங் பல எபிசோடுகளாகத் தவிக்கிறான். உண்மையான, கனமான சிக்கல். இறுதிக் கட்டத்தில் ஒரு பிரமாண்டமான சிங்க ஆமை தோன்றி, அதுவரை பேச்சிலேயே இல்லாத ஒரு புது வித்தையை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. சிக்கல் தீர்ந்தது. முன்பே நூலகத்தில் ஒரு படத்தில் அந்த ஆமை வந்ததே என்று வாதாடுவார்கள். படம் வந்தது, சட்டம் வரவில்லையே. டோஃபின் பெட்டியையும் இந்த ஆமையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. எனக்கு அந்த முடிவு உணர்ச்சியில் பிடிக்கும், கணக்கில் பிடிக்காது.

எங்கே தொடங்கலாம்? இந்த விஷயத்துக்காகவே பார்ப்பதென்றால் அவதார் முதலில். வீட்டில் சின்னவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்து 2009இல் வந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட், 64 எபிசோடு, மங்காவின் கதையை முடிவுவரை ஒட்டிப் போகும். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், சில காட்சிகள் பெரியவர்களையே தூங்க விடாது. ஹண்டர் எக்ஸ் ஹண்டர் என்றால் 2011இல் தொடங்கிய பதிப்பை எடுங்கள். அதில் முதல் 25 எபிசோடுகளுக்கு நென் என்ற பேச்சே எழாது, வெறும் சாகசக் கதைபோலத்தான் ஓடும். பாதியில் நிறுத்திவிட வேண்டாம். நருட்டோ மொத்தமாக 720 எபிசோடு. மங்காவில் இல்லாமல் இடையில் நிரப்பியவை அதில் ஏராளம். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்க்க ரசிகர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.